கால்நடை மருத்துவம் படிக்க விரும்பும் பினாங்குப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

பினாங்கில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு இல்லை; பிள்ளை வீட்டைவிட்டுத்தான் போக வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் 1972 முதல் இந்தத் துறை இருக்கிறது. கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். படிப்பு ஐந்தாண்டு.

எஸ்பிஎம் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே உயிரியலையும் வேதியியலையும் விட்டுவிடாதீர்கள். பிறகு எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேசன் வழியாக விண்ணப்பிக்கலாம்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பள்ளி விடுமுறையில் ஜெலுத்தோங்கில் உள்ள எஸ்பிசிஏ விலங்குக் காப்பகத்திலோ, வீட்டுக்கு அருகில் உள்ள கால்நடை கிளினிக்கிலோ பிள்ளை உதவிக்குச் சேர முடியுமா என்று கேளுங்கள். கூண்டு கழுவி, புண்ணுக்கு மருந்திடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், தயங்காமல் அனுப்பலாம். பூனைக்குட்டி மேல் உள்ள பிரியம் மட்டும் போதாது. மாடு, ஆடு, கோழி, இறைச்சிப் பரிசோதனை எல்லாமே பாடத்தில் வரும். 2015-இல் வடமாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது முன்னின்று உழைத்தவர்கள் கால்நடைத் துறையினர்தான்.

வெளிநாட்டில் படிக்க வைப்பது என்றால், சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி பலருக்கும் நினைவுக்கு வரும். எந்த நாடானாலும், பணம் கட்டுமுன் அந்தப் பட்டத்தை மலேசியக் கால்நடை மருத்துவ மன்றம் ஏற்கிறதா என்று மன்றத்திடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மன்றத்தில் பதியாமல் இங்கே தொழில் செய்ய முடியாது. ஏஜெண்டின் வாய்வார்த்தையை நம்பவே வேண்டாம்.

மதிப்பெண் குறைந்தால் கால்நடை நலம், வளர்ப்பு சார்ந்த டிப்ளோமா இருக்கிறது. அதுவும் மதிப்பான வேலைதான்.