நச்சு மறைந்தாலும் தடயம் தங்கும்

நரம்பு நச்சு ஆளைக் கொன்றுவிட்டுத் தடயமில்லாமல் மறைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். இது பாதி உண்மைதான். விஎக்ஸ், சாரின் போன்றவை ரத்தத்தில் அதே வடிவில் நெடுநேரம் நிற்பதில்லை. ஆனால் சிதைந்த பொருளாகச் சில நாள்கள் சிறுநீரில் வெளியேறும். உடலின் புரதங்களில் ஒட்டிக்கொண்ட பகுதி வாரக்கணக்கில் தங்கும்.

2017 பிப்ரவரி 13ஆம் தேதி, மலேசியாவின் செப்பாங்கில் உள்ள கேஎல்ஐஏ2 விமான நிலையத்தில் முகத்தில் விஎக்ஸ் பூசப்பட்ட, வடகொரியத் தலைவரின் மாற்றாந்தாய் சகோதரர் கிம் ஜோங் நாம், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தார். அவர் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் நொதி லிட்டருக்கு 344 யூனிட் மட்டுமே இருந்ததாக ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் சாட்சியம் சொல்லப்பட்டது. இயல்பான அளவு ஏறக்குறைய 5,300 முதல் 12,900 வரை. நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுசேர்க்கும் அசிட்டைல்கோலினை, வேலை முடிந்ததும் அழிப்பது இந்த நொதி வகைதான். அது முடங்கினால் தசைக்கு ஓய்வே கிடையாது. கண்பாவை சுருங்கும், எச்சில் பெருகும், கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும்.

நொதி குறைந்தாலே இரசாயன ஆயுதம்தான் என்ற முடிவும் தவறு. மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகளும் அதே நொதியை முடக்குகின்றன. கல்லீரல் நோயிலும் கர்ப்ப காலத்திலும் அளவு இறங்கும். சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. நொதி அபாயத்தை அறிவிக்கும், நச்சின் பெயரைச் சொல்லாது. கிம் வழக்கில் அந்தப் பெயரைச் சொன்னது மலேசிய இரசாயனத் துறையின் ஆய்வு: இறந்தவரின் முகத்திலும் கண்ணிலும் எடுத்த மாதிரிகளில் விஎக்ஸ் இருந்தது.

நொதி அளவு இயல்பாக இருந்தால் நச்சு படவே இல்லை என்பதும் சரியல்ல. அதே வழக்கில் விஎக்ஸைப் பூசியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இரு பெண்களின் அளவும் இயல்பாகவே இருந்தது. ஆனால் ஒருவரின் நகத்துண்டுகளில் விஎக்ஸின் சிதைவுப் பொருள் இருந்ததாக வேதியியலாளர் ராஜா சுப்பிரமணியம் சாட்சியம் அளித்தார். கையில் பட்டது எல்லாம் ரத்தத்தில் கலந்துவிடுவதில்லை.

நாள் கடந்தால் சோதனை வீண் என்ற எண்ணத்தை டோக்கியோ மாற்றியது. 1995 மார்ச் 20ஆம் தேதி சுரங்க ரயிலில் சாரின் தாக்குதலுக்கு ஆளானவர்களின் ரத்த மாதிரிகளில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பின்னர் புளூரைடைச் சேர்த்தனர். நொதியில் ஒட்டியிருந்த பகுதி பிரிந்து மறுபடியும் சாரினாகவே வெளிவந்தது. மற்றோர் இரசாயன ஆயுதமான கடுகு வாயுவின் தடயம் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்வதால், சிவப்பணுவின் ஆயுளான சுமார் 120 நாள்கள் வரைகூட நிலைக்கலாம். அதே வாயு சிறுநீரில் விடும் தயோடைகிளைக்கால் என்ற சிதைவுப் பொருளோ, வாயுவே படாதவர்களிடமும் சிறிதளவு காணப்படுவதால் தனிச்சான்றாகாது.

செப்பாங்கை ஒட்டிய கோல லங்காட்டின் தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் பூச்சிமருந்தடிப்பவர்களுக்கும் இது நேரடியான விஷயம். ஒருவரின் நொதி 12,000இலிருந்து 6,000ஆக இறங்கினாலும் அறிக்கையில் இயல்பு என்றே வரும். பாதி போயிருக்கும், யாருக்கும் தெரியாது. அதனால் மருந்தடிக்கும் வேலையில் சேருமுன்பே ரத்தம் எடுத்து, பிந்தைய அளவை அதனோடு ஒப்பிடவேண்டும். அதைச் செய்யாமல் விடுவது தொழிலாளிக்கு இழைக்கும் அநீதி. மலேசியாவில் 2020 முதல் தடைசெய்யப்பட்ட பாராகுவாட் களைக்கொல்லியையோ இந்தச் சோதனை காட்டவே காட்டாது. அது நொதியைத் தொடாமல் நுரையீரலைத் தாக்கும் நச்சு. அதற்குச் சிறுநீரில் காரம் சேர்த்து சோடியம் டைதயோனைட் இடவேண்டும். பாராகுவாட் போதிய அளவு இருந்தால் நீலநிறம் தோன்றும்.