மகாகாளர்: மயானத்துக்கும் அடுக்களைக்கும் ஒரே காவல்காரர்

2022 ஆகஸ்டில் ஒரு விளம்பரம் வம்பில் மாட்டியது. பசி எடுத்தது, மகாகாளிலிருந்து ஒரு தாலி (தட்டுச் சாப்பாடு) வரவழைத்துவிட்டேன் என்று நடிகர் ஹிருத்திக் ரோஷன் சொல்வதாக உணவு விநியோக நிறுவனமான சொமேட்டோ எடுத்த விளம்பரம் அது. உஜ்ஜயினி மகாகாளேஸ்வரர் கோயில் பூசாரிகள் கொதித்துப் போனார்கள். எங்கள் கோயிலில் தாலி என்பது இலவசப் பிரசாதம், வீட்டுக்கு அனுப்பும் கடைச் சரக்கா என்று கேட்டார்கள். நாங்கள் சொன்னது அதே ஊரில் அதே பெயரில் இருக்கும் ஓட்டலை என்று நிறுவனம் விளக்கம் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு, விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது.

லாரி முகப்பிலும் டி-ஷர்ட்டிலும் பேய்ப்படத் தலைப்பிலும் புழங்கும் பெயர் இது. புழக்கம் கூடக் கூட, அதைச் சுற்றிய கதைகளும் பெருத்துவிட்டன. சிலவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: மகாகாளர் என்றால் அழிக்கும் சிவன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

உண்மை: உஜ்ஜயினியில் அவர் சிவனேதான். 12 ஜோதிர்லிங்கங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. காளிதாசரின் மேகதூதத்தில் தூது போகும் மேகமே அந்தக் கோயிலில் மாலைப் பூசை வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் சைவ ஆகம வழிபாட்டில் இன்னொரு மகாகாளர் உண்டு. கருவறைக்குள் போகும் முன் துவார பூசை செய்யும் குருக்கள், வாசலின் ஒரு பக்கம் நந்தியையும் மறுபக்கம் மகாகாளரையும் வணங்குவார். அங்கே அவர் சிவகணம், வாயிற்காப்பாளர். ஆக, இந்து மரபுக்குள்ளேயே ஒரு பெயருக்கு இரண்டு பதவிகள். பௌத்தம் பெரிதாக எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது பதவியைத்தான். தர்மபாலர், அதாவது அறத்துக்குக் காவல் என்பதே அங்கே அவருடைய வேலை.

நம்பிக்கை: உஜ்ஜயினியில் பஸ்ம ஆரத்தி என்ற சாம்பல் வழிபாட்டுக்குச் சுடுகாட்டிலிருந்து சிதைச் சாம்பல் வருகிறது.

உண்மை: ஒரு காலத்தில் வந்தது என்று கோயில் மரபே சொல்கிறது. இன்று பயன்படுவது பசுஞ்சாண வறட்டியோடு அரசு, ஆல், வன்னி போன்ற மரச் சுள்ளிகளை எரித்து எடுக்கும் சாம்பல். விடியுமுன், சுமார் நான்கு மணிக்கு, மகாநிர்வாணி அகாடா என்ற துறவியர் அமைப்பைச் சேர்ந்தவர் அதைத் துணியில் கட்டி லிங்கத்தின் மேல் தட்டித் தூவுவார். அந்தச் சில நிமிடங்கள் பெண்கள் முகத்திரை இட்டுக்கொள்வது வழக்கம்.

இந்தச் சாம்பல் உச்ச நீதிமன்றம் வரை போனது பலருக்குத் தெரியாது. லிங்கம் தேய்ந்துகொண்டே வருகிறது என்ற வழக்கில் வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. அபிஷேகத்துக்குப் பக்தர் ஒருவருக்கு அரை லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் மட்டும், பஸ்ம ஆரத்தியின்போது லிங்கத்தின் மேல் பருத்தித் துணி என்று 2017இல் கட்டுப்பாடுகள் வந்தன. சாம்பலின் காரத்தன்மையைச் சரிசெய்ய வேண்டும் என்று 2020 செப்டம்பர் தீர்ப்பில் நீதிமன்றமே சொன்னது. காலத்தை வெல்பவர் என்று கொண்டாடப்படுபவரின் கல் திருமேனிக்கும் பராமரிப்பு வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: உஜ்ஜயினிக்கு மகாகாளரே ராஜா. முதல்வரோ மன்னரோ அங்கே இரவு தங்கினால் பதவி பறிபோகும்.

உண்மை: அரசியல்வாதிகள் பல காலம் பயந்து கடைப்பிடித்த நம்பிக்கை இது. பகலில் தரிசனம் முடித்து, இருட்டுமுன் வண்டி ஏறிவிடுவார்கள். 2023 டிசம்பரில் மத்தியப் பிரதேச முதல்வரான மோகன் யாதவுக்குச் சொந்த ஊரே உஜ்ஜயினி. பதவியேற்ற சில நாட்களிலேயே தன் வீட்டில் இரவு தங்கினார். அதன் பிறகும் முதல்வராகவே தொடர்ந்தார். தலைநகரை உஜ்ஜயினியிலிருந்து குவாலியருக்கு மாற்றிய சிந்தியா மன்னர்கள், வேறு யாரும் அங்கே வந்து உட்காராதபடி கிளப்பிவிட்ட பேச்சு இது என்பது அவர் சொன்ன விளக்கம். விளக்கம் சரியோ தப்போ, நம்பிக்கைக்கு வைத்த சோதனையின் முடிவு ஊரறிந்தது.

நம்பிக்கை: திபெத்திய ஓவியங்களில் வரும் மகாகாளர் பேய் உருவம், அதிலும் பிள்ளையாரைக் காலில் போட்டு மிதிக்கிறார்.

உண்மை: ஆறு கை மகாகாளர் ஓவியம் ஒன்றை நெருங்கிப் பாருங்கள். கருநீல உடல், மூன்று கண், பிதுங்கும் வயிறு. தலையில் ஐந்து மண்டையோடுகள் கொண்ட மகுடம். நெஞ்சுக்கு நேரே ஒரு கையில் வளைந்த வெட்டுக்கத்தி, இன்னொன்றில் கபாலம். மற்ற கைகளில் சூலம், உடுக்கை, பாசக்கயிறு, மண்டையோட்டு மாலை. பார்த்தால் குலை நடுங்கும்தான். ஆனால் இந்த வடிவத்தைக் கருணையின் உருவான அவலோகிதேஸ்வரர் எடுத்த கோலம் என்றே திபெத்தியர்கள் வணங்குகிறார்கள். ஐந்து மண்டையோடுகளும் ஆசை, கோபம், அறியாமை, செருக்கு, பொறாமை என்ற ஐந்து நஞ்சுகள் ஞானமாக மாறுவதன் அடையாளம்.

காலடியில் யானைமுகத்தோடு ஓர் உருவம் கிடப்பது உண்மை. தடைகளின் தலைவனான விநாயகனை அடக்கி, தடைகளை அடக்குவதாக மரபு அதற்கு விளக்கம் தருகிறது. இரு மதங்களுக்கு இடையே இருந்த பழைய போட்டியின் தடயம் என்று பார்க்கும் ஆய்வாளர்களும் உண்டு. இரண்டையும் மறைக்க வேண்டியதில்லை. அதே திபெத்திய பௌத்தம் மகாரக்த கணபதி என்ற சிவப்புக் கணபதியைப் பன்னிரண்டு கைகளோடு வணங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

பாரிஸ் கீமே அருங்காட்சியகத்தில் 1292ஆம் ஆண்டுத் தேதி பொறித்த கல் மகாகாளர் ஒருவர் இருக்கிறார். மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் குருவான பக்பா லாமாவின் சாக்கிய மரபு போற்றும் வடிவம் அது. குள்ள உடல், கோரைப்பல். இரு கைகளின் மேலும் குறுக்கே ஒரு கட்டை கிடக்கிறது. அடிக்கும் தடி என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அது மடத்தில் துறவிகளைக் கூப்பிடத் தட்டும் மரக்கட்டை. நம் ஊர்க் கோயில் மணியின் வேலையை அங்கே அதுதான் செய்கிறது.

நம்பிக்கை: உக்கிர தெய்வத்தை ஜப்பானியர்கள்தான் சிரிக்கும் தொந்தி சாமியாக மாற்றிவிட்டார்கள்.

உண்மை: ஜப்பானில் மகாகாளரின் பெயர் தைக்கோகுதென். இரண்டு அரிசி மூட்டைகளின் மேல் நின்று, தோளில் சாக்குப்பையும் கையில் செல்வம் கொழிக்கும் சுத்தியுமாகச் சிரிப்பார். ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒருவர். அவருடைய தூதர் எலி. ஷிண்டோ மரபின் ஓகுனிநுஷி என்ற தெய்வத்தோடு கலந்துபோனதால் வந்த அம்சங்கள் இவற்றில் உண்டு. ஆனால் சோற்றோடு அவருக்குள்ள உறவு ஜப்பானில் முளைத்ததல்ல, இந்தியாவிலிருந்தே போனது.

671இல் சீனாவிலிருந்து கடல்வழி புறப்பட்ட பௌத்தத் துறவி இத்சிங், இந்திய மடங்களில் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். பெரிய மடங்களின் அடுக்களைத் தூணருகே, இரண்டு மூன்று அடி உயர மர உருவம் ஒன்று இருக்கும். கையில் பொற்பை, சிறு ஆசனத்தில் அமர்ந்த கோலம், ஒரு கால் கீழே தொங்கும். எண்ணெய் தடவித் தடவி முகம் கறுத்திருக்கும். சமையல்காரர்கள் சாப்பாட்டு வேளையில் விளக்கும் தூபமும் காட்டி, சமைத்ததைப் படைப்பார்கள். அந்தத் தெய்வம் மகாகாளர், மகேசுவரனின் பரிவாரத்தைச் சேர்ந்தவர் என்கிறார் அவர். நூறு பேருக்குச் சமைத்திருந்த ஒரு மடத்தில் திடீரென ஐந்நூறு பேர் வந்துவிட, ஒரு கிழவி மகாகாளருக்குப் படைத்து வேண்டிக்கொண்டதும் எல்லாருக்கும் சோறு போதியது என்ற கதையையும் சேர்த்திருக்கிறார்.

ஜப்பானிலும் ஹியே மலை என்ரியாக்கு-ஜி மடத்தின் அடுக்களைக் காவலாகத்தான் தைக்கோகு கொண்டாடப்படுகிறார். அடுக்களையிலிருந்து வணிகர் வீட்டுக்கும், அங்கிருந்து பணத்துக்கும் போனார். ஜப்பான் வங்கி 1885இல் முதன்முதலாக வெளியிட்ட நோட்டுகளில் இருப்பது அவர் படம். காகிதம் உறுதியாக இருக்கட்டும் என்று அதில் கொன்னியாக்கு கிழங்கு மாவு சேர்த்தார்கள். வாசனை பிடித்து எலி கடித்துப் போட்டது. வேறு முறையில் நோட்டு அச்சிட வேண்டியதாயிற்று. சாமியின் தூதர் தன் பங்கை எடுத்துக்கொண்டார் போலும்.

நம்பிக்கை: இந்துக் கடவுளைப் பௌத்தர்கள் எடுத்துக்கொண்டார்கள், இன்று இரண்டும் ஒட்டாது.

உண்மை: டார்ஜிலிங் அப்சர்வேட்டரி குன்றுக்குப் போய்ப் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த டோர்ஜே லிங் மடத்தின் பெயரில்தான் ஊரே விளங்குகிறது. மடம் போனபின் இன்று அதே இடத்தில் மகாகாளர் கோயில். நுழைவழி எங்கும் பௌத்தப் பிரார்த்தனைக் கொடிகள். உள்ளே இந்துப் பூசாரியும் பௌத்த லாமாவும் ஒரே சன்னிதியில் வழிபாடு நடத்துகிறார்கள்.

நம்பிக்கை: மகாகாளர் வடநாட்டுச் சாமி, தமிழ் மண்ணுக்குப் புதிது.

உண்மை: திருவாரூர் மாவட்டம் பூந்தோட்டம் அருகேயுள்ள அம்பர் மாகாளம், ஆரோவில் பக்கத்தில் உள்ள இரும்பை மாகாளம் இரண்டும் திருஞானசம்பந்தர் பாடிய தலங்கள். சோமாசிமாற நாயனாரின் சோமயாகத்தோடு இணைத்துச் சொல்லப்படும் அம்பர் மாகாளம், இன்று ஊர் வழக்கில் கோயில் திருமாளம். உஜ்ஜயினியும் 'உஞ்சேனை மாகாளம்' என்ற பெயரில், தேவாரத்தில் பெயர் மட்டும் வரும் வைப்புத் தலங்களில் இருக்கிறது. பெயர் இங்கே வந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது.

நம்பிக்கை: பயங்கரமானவற்றுக்கே இந்தப் பெயர் பொருந்தும்.

உண்மை: சினிமா அப்படித்தான் நினைக்க வைத்தது. ராம்சே சகோதரர்களின் 'மகாகால்' (1994), கனவில் வந்து கொல்லும் ஹாலிவுட் பேயின் கதையை இந்திக்கு மாற்றிய படம். கோயிலுக்கும் தத்துவத்துக்கும் அதில் வேலையில்லை. பெயரின் அதிர்வு மட்டும் போதுமாக இருந்தது. அறிவியலாளர்கள் வேறு மாதிரி செய்தார்கள். மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் கிடைத்த ஒரு டைனோசருக்கு, திபெத்திய பௌத்தக் காவல் தெய்வத்தை நினைத்து 2007இல் 'மகாகாளா' என்று பெயர் வைத்தார்கள். அதன் நீளம் வெறும் 70 செ.மீ. பறவைகளுக்கு நெருங்கிய உறவு.

உஜ்ஜயினியில் சிவனாக இருப்பதை விட்டால், சைவக் கோயில் வாசல், திபெத், ஜப்பான் எங்கே பார்த்தாலும் மகாகாளருக்கு ஒரு தொழில்தான்: காவல். காக்கும் பொருள்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. வாசல், மடம், அறம், அரிசி மூட்டை. உக்கிரம் என்பது காவல்காரரின் உடுப்பு. அந்த உடுப்பை மட்டும் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வீரம் பேசுகிறவர்கள், பந்தியில் எல்லாருக்கும் சோறு போதுமா என்று பார்ப்பதும் அவருடைய வேலைதான் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.