மேகமூட்டத்தில் மணவிழாப் படம்

மேகம் கவிந்த நாளில் படம் எடுத்தால் நன்றாக வராது என்பது நம்மில் பலருடைய எண்ணம். வெயில் இல்லையே என்று வருந்துகிறவர்கள் வெயில் செய்யும் கேட்டை மறந்துவிடுகிறார்கள். திறந்த வெளியில் நடக்கும் திருமணத்தைப் படமெடுக்க மூட்டமான நாளே ஏற்றது. இயற்பியல் மாணவன் என்ற முறையில் அதன் காரணத்தை இங்கே விளக்க முயல்கிறேன்.

கடந்த ஆவணியில், இந்தப் புனே நகரில், நம் சங்கத்து நண்பர் ஒருவருடைய அக்காளுக்குத் திருமணம் நடந்தது. மண்டபம் இல்லை; மேடை இல்லை. ஒரு வீட்டுத் தோட்டத்தில் மாமரத்தடியில் மாலை மாற்றித் தாலி கட்டினார்கள். படம் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. மணமகளின் ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்தில் இருக்கிறார். பயணம் செய்ய இயலாதவர். பேத்தியின் திருமணத்தை அவர் காண்பது படங்களின் வழியேதான். ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இது புதிதன்று. மணமகள் நல்ல கறுப்பு. “எம் பேத்திக்கு வெள்ளையடிச்சிராத ராசா, அவ அவளாவே இருக்கட்டும்” என்று ஆச்சி தொலைபேசியில் சொல்லியிருந்தார். அதுவே எனக்கு இடப்பட்ட கணக்கு.

முதலில் ஒளியின் இயல்பைக் காண்போம். சூரியன் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலமே உள்ள சிறு வட்டம். சிறிய விளக்கு கூர்மையான நிழலைத் தரும். ஆகவே நடுப்பகல் வெயிலில் கண்குழியிலும் மூக்கின் கீழும் கரிய நிழல் விழுகிறது. சரிகையும் நகையும் கண்ணைப் பறிக்கின்றன. மேகத்தின் நீர்த்துளிகளோ ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அளவுள்ளவை. ஒளியின் அலைநீளத்தைக் காட்டிலும் பன்மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. வானம் முழுவதும் ஒரே வெண்விளக்காகிவிடுகிறது, நிழல் கரைந்துவிடுகிறது.

ஆயினும் அவ்விளக்கு எங்கும் ஒரே சீராக ஒளிர்வதில்லை. மூனும் ஸ்பென்சரும் 1942-ல் தந்த வாய்பாட்டின்படி, முழு மூட்டத்தில் உச்சிவானம் அடிவானத்தைப் போல் மும்மடங்கு ஒளியுடையது. ஆகவே வெட்டவெளியில் நிற்பவரின் கண்கள் சற்று இருண்டே தோன்றும். இதற்குப் பரிகாரம் எளிது. மணமக்களை மரநிழலின் விளிம்புக்குச் சற்று உள்ளே, வெளிப்புறம் நோக்கி நிறுத்த வேண்டும். உச்சி ஒளியைக் கிளை மறைக்கும். முன்னிருந்து வரும் ஒளி கண்ணில் படும். மரத்தடிக்குள் வெகுவாகச் சென்றால் இலையின் பச்சை முகத்தில் படியும். அமர்ந்திருப்போர் முன் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தால் கீழிருந்தும் ஒளி எழும்.

அடுத்தது ஒளியின் அளவு. நல்ல வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளி உண்டு. மூட்டத்தில் 10,000 அளவுக்கு இறங்கும். மழை இருட்டில் 1,000 கூட ஆகலாம். சாதாரண மூட்டத்தில் ஐ.எஸ்.ஓ. 400, துளை எஃப் 8, நேரம் 1/400 வினாடி என்று தொடங்கலாம். இருட்டக் கண்டால் துளையைப் பெரிதாக்குக.

காமிராவின் அளவைமானி எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பலாக ஆக்கவே முயலும். வெள்ளை வேட்டியைப் பார்த்தால் படம் முழுவதையும் இருட்டாக்கும். அப்போது மணமகளின் முகம் தெரியாது. கறுத்த முகத்தை மட்டும் பார்த்தால் அதை வெளுக்கச் செய்யும். இரண்டும் பொய். உங்கள் உள்ளங்கையை அதே ஒளியில் நீட்டி அதை அளந்துகொள்ளுங்கள். உள்ளங்கை நடுச்சாம்பலைப் போல் ஏறத்தாழ இருமடங்கு ஒளியைத் திருப்புகிறது. ஆகவே மானி காட்டுவதைவிட ஒரு படி கூடுதலாக ஒளி விடுக. பிறகு வேட்டி வெண்மையாகவும் கறுப்பு கறுப்பாகவும் அமையும்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். நடுப்பகல் வெயிலின் நிறவெப்பநிலை சுமார் 5,500 கெல்வின். மூட்டத்தில் 6,500-க்கு மேல் போகும். படத்தில் சற்று நீலம் பாயும். மஞ்சள் கயிறும் மாநிறமும் உயிரிழக்கும். காமிராவில் மேகச் சின்னம் இட்ட அமைப்பைத் தெரிந்தெடுத்தால் இக்குறை நீங்கும். வெளிறிய வானத்தைச் சட்டத்துக்குள் விடாமல் மரத்தையோ செங்கற் சுவரையோ பின்னணியாக்குவது நல்லது.

மூட்ட நாளில் இன்னொரு வசதியும் உண்டு. ஒளி எப்பக்கமும் பரவியிருப்பதால், சூரியனைத் தேடி மணமக்களைத் திருப்பி நிறுத்த வேண்டியதில்லை. பந்தியில் இலை போடுவோரையும், ஓடும் பிள்ளைகளையும், கண்ணீரை முந்தானையால் துடைக்கும் தாயையும் அவரவர் இடத்திலேயே எடுக்கலாம். சடங்கு நம் பொருட்டு நிற்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இன்றைய கைப்பேசிகள் பல, கேளாமலே முகத்தை வெளுத்து மெழுகிவிடுகின்றன. அந்த அமைப்பை முதலில் அணைத்துவிடுங்கள். ஒருவரின் நிறத்தை மாற்றுவது அழகுபடுத்துவதாகாது. ஊரில் இருக்கும் உறவினருக்கு வேறொருவர் படத்தை அனுப்புவதாகும். அடுத்த மூட்டமான மாலையில் விடுதித் தோழர் ஒருவரை மரநிழலின் விளிம்பில் நிறுத்தி, உள்ளங்கையை அளந்து, பத்துப் படங்கள் எடுத்துப் பழகுங்கள். திருமண அழைப்பு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?