எட்டாயிரம் அடி உயரத்தில் இருவர்

கடல் கடந்து செல்லும் பெரிய ஆகாய விமானத்திலிருந்து இறங்கி வருபவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். முழங்கால் முன் இருக்கையில் இடித்தது; உதடு வறண்டது; காது அடைத்துக்கொண்டது; சாப்பாட்டில் உப்பே இல்லை. இவற்றைக் கேட்கும்போதெல்லாம், அதே கடலை ஒற்றை எஞ்சின் பூட்டிய சிறு விமானத்தில் தன்னந்தனியே கடந்தவர்கள் என் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் எந்தக் காற்றைச் சுவாசித்தார்கள்? குளிருக்கு என்ன செய்தார்கள்? உறக்கம் வந்தால் என்ன செய்தார்கள்? இரண்டு பயணங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பௌதிக வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துபோன பல செய்திகளுக்கு உயிர் வந்துவிடுகிறது. அதற்காகவே இதை எழுதத் துணிந்தேன்.

1935ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமீலியா ஏர்ஹார்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி ஹவாய்த் தீவிலிருந்து கலிபோர்னியாவிலுள்ள ஓக்லந்து நகருக்குத் தனியாக விமானம் ஓட்டிச் சென்றார். தூரம் ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். வழியில் இறங்குவதற்கு ஒரு திட்டு நிலங்கூடக் கிடையாது. பதினெட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, 8,000 அடி உயரத்தில், தனிமையில் சூடான சாக்லெட் பானம் அருந்திய இன்பத்தை அவர் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்த 8,000 அடி என்ற எண்ணைக் கவனியுங்கள். இன்று பெரிய விமானத்தில் 35,000 அடி உயரத்தில் பறக்கும் பிரயாணியின் நுரையீரலுக்கு உயரம் 35,000 அடி அன்று. அதிகமாய்ப் போனால் 8,000 அடிதான். அதாவது, ஏர்ஹார்ட் அம்மையார் சுவாசித்த அதே அடர்த்தியுள்ள காற்றைத்தான் நாமும் சுவாசிக்கிறோம். காற்றைப் பொறுத்தவரை சிறு விமானத்துக்கும் பெரிய விமானத்துக்கும் பேதமில்லை என்பது எனக்கு முதலில் பெரிய வியப்பாக இருந்தது.

இது எப்படி என்று பார்ப்போம். 35,000 அடியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்குதான். அங்கே விமானத்தின் சுவர் திறந்துகொண்டால், ஒரு நிமிஷத்துக்குள் நம் அறிவு தடுமாறிவிடும். ஆகையால் காற்றை அழுத்தி உள்ளே நிரப்புகிறார்கள். ஆனால் கடல் மட்டத்து அழுத்தம் முழுவதையும் உள்ளே வைப்பதில்லை. முக்கால் பங்குதான் வைக்கிறார்கள். அது 8,000 அடி உயரமுள்ள மலைமீது நிலவும் அழுத்தம். நம் உதகமண்டலம் ஏறத்தாழ 7,350 அடி உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் உட்கார்ந்திருப்பவர் உதகமண்டலத்துக்கும் சற்று மேலே, தொட்டபெட்டாவின் உச்சிக்குக் கீழே உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம்.

ஏன் முழு அழுத்தத்தையும் கொடுக்கக் கூடாது? கணக்குப் போட்டால் தெரியும். உள்ளே முக்கால், வெளியே கால் என்றால், வித்தியாசம் அரை வளிமண்டலம்; விமானத்தின் தோல்மீது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 டன் எடை வெளிநோக்கித் தள்ளுகிறது. உள்ளே முழு அழுத்தம் வைத்தால் அது 8 டன்னை நெருங்கும். ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் விமானத்தின் உடல் சற்றே உப்பி, இறங்கும்போது மீண்டும் சுருங்குகிறது. கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிவதைப்போல, உலோகமும் இதனால் களைத்துப்போகிறது. 1954இல் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறியதற்கு இந்தக் களைப்பே காரணம் என்று, ஒரு முழு விமானத்தை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி அழுத்தம் ஏற்றி இறக்கிக் கண்டுபிடித்தார்கள். நம் காது அடைப்புக்குப் பின்னால் அத்தனை பேருடைய உயிர் இருக்கிறது. கரிநார்க் கலவையால் உடலை அமைத்த போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகிய விமானங்களில் உள்ளே 6,000 அடி உயரத்து அழுத்தம் வைக்க முடிகிறது. பிரயாணிக்குக் களைப்புக் குறைகிறது என்றால் அந்தப் புதுப் பொருளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இதை நம்பாதவர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். விமானம் உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது, காலியான ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து இறுக மூடி வைத்துக்கொள்ளுங்கள். தரைக்கு வந்ததும் அது யாரோ கையால் நசுக்கியதுபோல் ஒடுங்கியிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு வாளி நீருக்குள் தலைகீழாக அமிழ்த்தி மூடியைத் திறந்தால், நீர் உள்ளே பாயும். எவ்வளவு நீர் புகுந்தது என்று அளந்துகொள்ளுங்கள். 250 மில்லிலிட்டர் புகுந்தால் உள்ளே இருந்த அழுத்தம் முக்கால் பங்கு. உயரம் 8,000 அடி. 200 மில்லிலிட்டர் என்றால் அழுத்தம் ஐந்தில் நான்கு பங்கு. உயரம் ஏறத்தாழ 6,000 அடி. மும்பையில் இறங்கியபின் நான் செய்து பார்த்ததில் 220 மில்லிலிட்டர் வந்தது. பாயில் விதிக்கு இதைவிட மலிவான சோதனைச் சாலை கிடைக்காது. சேதமில்லாத புட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

காற்று ஒன்றுதான், ஆனால் அதன் சூடும் ஈரமும் வேறு. பெரிய விமானத்துக்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 55 டிகிரி சென்டிகிரேட் குளிர். ஆயினும் உள்ளே வரும் காற்றைச் சூடாக்க வேண்டிய அவசியமில்லை. குளிர வைக்கத்தான் வேண்டியிருக்கிறது! சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பாகம் சுடுவதை அறிவோம். ஜெட் எஞ்சினின் அழுத்தும் பகுதியிலிருந்து, எரிபொருள் சேருவதற்கு முன்பே பிரித்தெடுக்கும் காற்றும் அப்படியே கொதிக்கிறது. அதைக் குளிர்வித்தே நமக்குத் தருகிறார்கள். (787 விமானத்தில் மட்டும் இதற்கு மின்சார அழுத்திகள் இருக்கின்றன.) அவ்வளவு குளிர்ந்த வானத்துக் காற்றில் ஈரம் அநேகமாக இல்லை. உள்ளே இருக்கும் சிறிதளவு ஈரமும் பெரும்பாலும் சகபிரயாணிகள் விட்ட மூச்சிலிருந்து வந்ததுதான். உதடு வெடிப்பதற்கும் சாப்பாடு சப்பென்று இருப்பதற்கும் காரணம் தேடிச் சமையற்காரரிடம் போக வேண்டாம். வறண்ட மூக்குக்கு வாசனை எட்டுவதில்லை. வாசனையில்லாத சாம்பாருக்கு ருசி ஏது?

சிறு விமானத்திலும் சூடு எஞ்சினிலிருந்துதான் வருகிறது. ஆனால் எஞ்சினின் எந்தப் பக்கத்திலிருந்து என்பதைப் பாருங்கள். உலகத்தில் மிகுதியாகக் கட்டப்பட்ட செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கை விமானத்தில், புகைபோகும் குழாயைச் சுற்றி ஓர் உறை போட்டு, அதனூடே வெளிக்காற்றைச் செலுத்தி உள்ளே விடுகிறார்கள். குழாயில் ஒரு வெடிப்பு விழுந்தால், சூட்டோடு கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சும் வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறக்கம் வருவதுபோலவே தொடங்கும். கடலின்மேல் பத்து மணி நேரம் விழித்திருக்க வேண்டியவருக்கு, இது உறக்கமா நஞ்சா என்று பிரித்தறிவது எளிதா?

உறக்கம் என்றதும் லிண்ட்பெர்க்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1927ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி காலை நியூயார்க்கிலிருந்து கிளம்பி, முப்பத்து மூன்றரை மணி நேரம் தனியே ஓட்டி, மறுநாள் இரவு பாரிஸில் இறங்கினார். புறப்படுவதற்கு முதல் இரவும் அவர் தூங்கவில்லை. பெட்ரோலுக்காக மற்ற அனைத்தையும் துறந்தவர் அவர். வானொலி இல்லை, பாராசூட் இல்லை, பிரம்பு நாற்காலி, ஐந்து சாண்ட்விச், கொஞ்சம் தண்ணீர். பெரிய பெட்ரோல் தொட்டி அவருக்கு எதிரிலேயே இருந்தபடியால் முன்னால் பார்க்கக் கண்ணாடிகூட இல்லை. பக்கத்து ஜன்னல் வழியாகவும் ஒரு பெரிஸ்கோப் வழியாகவுந்தான் பார்த்தார். பக்கத்து ஜன்னல்களுக்குக் கண்ணாடி இருந்தும் அவர் அதைப் பொருத்தவில்லை. காற்று முகத்தில் அடித்தால்தானே தூங்காமல் இருக்கலாம்! வசதிக் குறைவையே அவர் மருந்தாகப் பயன்படுத்தினார். அப்படியும் தம் பின்னால் மனித உருவங்கள் வந்து நின்று பேசுவதுபோலத் தோன்றியதாகப் பல ஆண்டுகள் கழித்து, 1953இல் வெளியான தம் நூலில் எழுதினார். இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவரைச் சந்தித்தபோது, அத்தனை நேரம் சிறுநீருக்கு என்ன செய்தீர் என்று கேட்டாராம். பெரிய விமானத்தில் கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவர்கள் இந்த அரச கேள்வியை எண்ணி ஆறுதல் கொள்ளலாம்.

இன்றும் சிறு விமானங்கள் கடலைக் கடக்கின்றனவா என்றால், ஆம். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் கட்டிய விமானங்களை ஐரோப்பாவில் வாங்கியவருக்கு ஓட்டிச் சென்று ஒப்படைப்பதையே தொழிலாகக் கொண்ட விமானிகள் இருக்கிறார்கள். செஸ்னா 172இன் தொட்டிகளில் சுமார் 200 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். மணிக்கு ஏறத்தாழ 32 லிட்டர் செலவு. வேகம் மணிக்கு 220 கிலோமீட்டர். நியூபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்குச் சுமார் 3,000 கிலோமீட்டர். பதினான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், கையிருப்பையும் சேர்த்து 530 லிட்டராவது வேண்டும். மிச்சமுள்ள 330 லிட்டரை எங்கே வைப்பது? மற்ற இருக்கைகளைக் கழற்றிவிட்டு அங்கே தொட்டி வைக்கிறார்கள். அதன் எடை ஏறத்தாழ 240 கிலோகிராம். மூன்று பேருடைய எடை. சகபிரயாணிகளுக்குப் பதில் பெட்ரோல் உட்கார்ந்து வருகிறது! அனுமதிக்கப்பட்ட எடையை விஞ்சிவிடுவதால், இதற்குத் தனி அனுமதி பெறவேண்டும். இதைத் தவிர்க்க விரும்புவோர் லாப்ரடார், கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்காட்லாந்து என்று தத்தித் தத்திச் செல்வார்கள். கடற்பகுதிகள் குறைகின்றன, பனி மிகுகிறது. பெரிய விமானத்தின் இறக்கையின் முன்விளிம்பில் சூடான காற்றைச் செலுத்தி உறைபனியை உருக்குவார்கள். சாதாரணச் சிறு விமானத்தில் அந்த வசதி இல்லை. உறைபனி படிந்தால் உடனே மேகத்தை விட்டு விலக வேண்டும், அல்லது கடலை நோக்கித் தாழ்ந்து வெப்பமான காற்றைத் தேட வேண்டும்.

காற்று எதிர்த்து வீசினால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பிடித்த கணக்கு. எதிர்காற்றின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட் விமானம் 3,000 கிலோமீட்டரைக் கடக்க ஒன்பது நிமிஷம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். பிரயாணிகளில் ஒருவருக்கும் தெரியாது. சிறு விமானத்தின் வேகமோ 180 ஆகக் குறைகிறது. மூன்று மணி நேரம் கூடிவிடுகிறது. மேலும் நூறு லிட்டர் பெட்ரோல் போய்விடும். அதாவது கையிருப்பு முழுவதும் தீர்ந்துவிடும். காற்று ஒன்றே, அது ஒருவருக்குச் செய்தியே அல்ல, மற்றொருவருக்கு உயிர்ப் பிரச்சினை. பெரிய விமானத்தில் நாம் வாங்கும் சுகத்தில் பெரும் பங்கு இருக்கையில் இல்லை, இந்த வேகத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

எஞ்சின் நின்றுபோனால்? செஸ்னா ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பது அடி முன்னே சறுக்கிச் செல்லும். 8,000 அடியிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர். பத்து நிமிஷ அவகாசம். உள்ளிழுக்க முடியாத அதன் சக்கரங்களே நீரில் முதலில் படும். விமானம் குப்புறக் கவிழக் கூடும். வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் சாதாரண உடையில் கிடப்பவர் வெகு விரைவில் கைகால் விறைத்துச் செயலற்றுப் போவார். ஆகையால் அந்த விமானிகள் கழுத்துமுதல் கால்வரை நீர் புகாத ரப்பர் உடையை அணிந்து, பக்கத்தில் மிதவையை வைத்துக்கொண்டு பறக்கிறார்கள். பிரயாணம் முழுவதும் அந்த உடைக்குள்தான் வியர்வையும் குளிரும்.

பெரிய விமானத்திலும் இந்த ஆபத்து அறவே இல்லாமல் இல்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் தேதி டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்குச் சென்ற ஏர் டிரான்சாட் விமானத்தில் எரிபொருள் ஒழுகி, அட்லாண்டிக்கின்மேல் இரண்டு எஞ்சின்களும் நின்றுபோயின. 306 பேர் ஏறியிருந்த அந்த ஏர்பஸ் ஏ330, சுமார் 19 நிமிஷம் எஞ்சினில்லாமலே சறுக்கி, அசோர்ஸ் தீவுகளில் ஒன்றில் இறங்கியது. ஒருவரும் இறக்கவில்லை. 8,000 அடியிலிருந்து அதைச் செய்திருக்க முடியாது. உயரமே அவர்களுக்கு முதலாக இருந்தது. உதட்டை வறளச் செய்கிற அதே உயரந்தான். இரட்டை எஞ்சின் விமானம் கடலைக் கடக்கும்போது, ஓர் எஞ்சின் நின்றாலும் குறித்த நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடையக்கூடிய பாதையிலேயே செல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. 1985இல் இந்த நேரத்தை 120 நிமிஷமாக உயர்த்திய பிறகே, அட்லாண்டிக் கடலில் இரட்டை எஞ்சின் விமானங்கள் பெருகின. நாம் தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, முன்னறையில் இருப்பவர்கள் இந்த நிமிஷம் எந்த நிலையம் அருகிலிருக்கிறது என்ற கணக்கை வைத்துக்கொண்டே வருகிறார்கள்.

சிறு விமானத்தை ஒப்படைத்த விமானி வீடு திரும்புவது எப்படி என்று கேட்கலாம். ரப்பர் உடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பெரிய விமானத்தில் சாதாரண வகுப்பில் பிரயாணச் சீட்டு வாங்கித்தான். தாம் சில நாள் பாடுபட்டுக் கடந்த கடலை ஏழெட்டு மணி நேரத்தில் திரும்பக் கடக்கிறார். முழங்கால் முன் இருக்கையில் இடிக்க, பெரும்பாலும் தூங்கிக்கொண்டே.