விண்ணப்பத்தில் முகவரிக் கட்டம்

மதிப்பெண்களை மூன்று முறை சரிபார்த்து எழுதும் நாம், விண்ணப்பத்தின் முகவரிக் கட்டங்களை அரை நிமிடத்தில் நிரப்பிவிடுகிறோம். அதனால் நேரும் இழப்பை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அண்ணன், ஊரிலிருந்த கணினி மையத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தார். அவருக்கு மின்னஞ்சல் இல்லை. மையத்துக்காரர், உதவி என்றெண்ணித் தம்முடையதையே இட்டுவிட்டார். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு அங்கே போய், ஊரார் பலருடைய கடிதங்களுக்கிடையே கிடந்தது. எங்களுக்குத் தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது. அவரை நோக என்ன இருக்கிறது? கேட்டுப் பெற வேண்டும் என்பதே எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாதே!

ஆகவே மின்னஞ்சல் நம்முடையதாகவும், கடவுச்சொல் நாம் மட்டுமே அறிந்ததாகவும் இருத்தல் வேண்டும். அடுத்தது பெயர். 1971இல் ரே டாம்லின்சன் என்பார், ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அஞ்சல் அனுப்பியபோது ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க 'அட்' குறியைக் கையாண்டார். குறிக்கு இடப்பக்கம் இருப்பது ஆள். அவ்விடத்தில் நடிகர் பெயரையும் 'கெத்து' முதலிய அடைமொழிகளையும் இட்டு வைத்திருப்போர் நம் வகுப்புகளில் பலர். (என் முதல் முகவரியும் அவ்வகையே, அது எதுவென்று கேளாதீர்!) சான்றிதழிலுள்ள பெயரும் முதலெழுத்துமே போதும். அதை முன்பே ஒருவர் எடுத்திருந்தால், ஜிமெயிலில் நடுவே புள்ளி வைத்துப் பயனில்லை. அது புள்ளிகளைக் கணக்கில் கொள்வதில்லை. தந்தை பெயரை முழுமையாகச் சேர்த்துப் பார்க்கலாம்.

சலுகைக்காகக் கைப்பேசி எண்ணை மாற்றுவோரும் சிந்திக்க வேண்டும். துண்டித்த எண் 90 நாட்களுக்குப் பின் வேறொருவருக்குப் போகக்கூடும்; அழைப்பும் அவருக்கே போகும். 2011 முதல், எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ள நாடெங்கும் வழி உண்டு.

விடுதியில் தங்கியிருப்போர் வீட்டு முகவரியைத் தருவதே நன்று. தேர்வு முடிந்ததும் அறையைக் காலி செய்துவிடுவோம் அல்லவா? 1972இல் வந்த ஆறிலக்க அஞ்சல் குறியீட்டெண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தைக் குறிப்பவை. ஓர் இலக்கம் பிசகினும் கடிதம் வேறு ஊருக்குப் போய்த் திரும்பும். எங்கள் தெருவில் கதவெண்கள் ஒழுங்காக இல்லை; 'தண்ணீர்த் தொட்டி எதிரில்' என்றும் சேர்த்தே எழுதுகிறேன்.

சென்ற விடுமுறையில் அண்ணனுக்கு ஒரு மின்னஞ்சல் தொடங்கித் தந்தேன். கடவுச்சொல்லை அவரே ஒவ்வோர் எழுத்தாய்த் தேடித் தேடித் தட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.