இரத்தத்தை வடிகட்டினால் போதுமா?



"இரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது என்கிறார்களே ஐயா, நகையை விற்றாவது பணம் கட்டுகிறோம், அதை வடிகட்டி எடுக்க முடியாதா?" தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இக்கேள்வியை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். உங்களில் சிலரும் அப்படிப்பட்ட கருவி வாங்கக் காணிக்கை கொடுக்க விரும்பலாம். ஆகவே இதை ஆராய்வது நல்லது.

1. விஷம் எது?

கிருமித்தொற்றுக்கு எதிராக உடல் கட்டுமீறிப் போராடி, தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலைக்கு செப்சிஸ் என்று பெயர். கிருமிகளை எதிர்க்க நம் உடல் சைட்டோகைன் என்னும் புரதங்களைச் சுரக்கிறது. அளவோடிருந்தால் அவை காவலாளிகள். அளவு மீறினாலோ நுரையீரலையும் சிறுநீரகத்தையும் சேதப்படுத்தும். இரத்த அழுத்தமும் இறங்கிவிடும்.

2. கருவி செய்வது என்ன?

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் உயிர் காக்கிறது, அதில் சந்தேகமில்லை. அதே வழியில் செப்சிஸையும் வெல்லலாம் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். பெரிய இரத்தக்குழாயிலிருந்து இரத்தத்தை எடுத்து, ஒரு குப்பி வழியாகச் செலுத்தி, மீண்டும் உடலுக்குள் அனுப்புவார்கள். ஜப்பானில் 1994 முதல் பயன்படும் குப்பியில், பாலிமிக்சின் பி என்னும் மருந்து பதித்த இழைகள் கிருமியின் நச்சைப் பிடித்துக்கொள்ளும். பின்னர் வந்த வேறு குப்பிகளில் நுண்ணிய மணிகள் சைட்டோகைன்களை ஈர்த்துக்கொள்ளும்.

3. சோதித்தபோது கண்டது

2009-ல் வெளியான இத்தாலிய ஆய்வில் 64 நோயாளிகளிடம் பாலிமிக்சின் குப்பி நல்ல பலன் தந்தது. ஆனால் 2018-ல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில் 450 பேரைச் சோதித்தபோது, 28 நாட்களுக்குள் நேர்ந்த மரணங்கள் குறையவில்லை. 2021-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ஆய்வு இன்னும் திகைக்க வைத்தது. செயற்கை நுரையீரல் கருவியில் இருந்த 34 கொரோனா நோயாளிகளில், சைட்டோகைன் குப்பி பொருத்தப்பட்ட 17 பேரில் 30 நாட்களுக்குப்பின் உயிரோடிருந்தவர்கள் 3 பேர். பொருத்தப்படாத 17 பேரில் 13 பேர். இச்சிறிய ஆய்வைக்கொண்டு கருவியையே குற்றஞ்சாட்ட முடியாது. ஆயினும் எச்சரிக்கை தெளிவு.

காரணம் என்னவாயிருக்கும்? குப்பிக்கு நல்லது கெட்டது தெரியாது. தீங்கானதோடு தேவையான புரதங்களையும், சில மருந்துகளையும்கூட அது ஈர்த்துவிடும். களைகளைப் பிடுங்கப்போய்க் கோதுமையையும் வேரோடே பிடுங்கிவிடும் ஆபத்தை உவமையில் நாம் அறிந்திருக்கிறோம் அல்லவா?

4. நாம் கற்றுக்கொள்வது

2021-ன் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டி பாலிமிக்சின் குப்பியைப் பரிந்துரைக்கவில்லை; மற்ற வடிகட்டும் முறைகளுக்குப் போதிய ஆதாரமில்லை என்றது. அது வற்புறுத்துவது எளிய காரியங்களையே: செப்டிக் ஷாக் என்று கண்ட 1 மணி நேரத்திற்குள் ஆன்டிபயாடிக் மருந்து, தேவையான சலைன், சீழ் தங்கிய இடத்தைக் கண்டுபிடித்து அகற்றுதல், இடைவிடாத கண்காணிப்பு.

பளபளக்கும் கருவிக்குக் கொடுக்க மனம் எளிதில் இணங்கும். இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் நர்சுக்கும், அலமாரியில் தயாராயிருக்கும் ஊசிமருந்துக்கும் கொடுப்பது வெளியே தெரியாது. ஆனால் முதல் மணி நேரத்தில் நோயாளிக்கு உதவுவது அவைகளே. கொடுக்குமுன் இதைச் சிந்தித்துப் பாருங்கள்.