பீட்டா சோதனையில் சேரும் முன்…

வாஷியில் கல்லூரிக்குப் போகும் உங்கள் பிள்ளை, மக்களிடம் நிதி திரட்டி உருவாகும் பிளாக்செயின் கேமைச் சோதிக்கப் போகிறானா? தாராளமாகச் சேரட்டும். அதற்கு முன்:

1. புது கிரிப்டோ வாலட் தொடங்கச் சொல்லுங்கள். சேமிப்புள்ள வாலட்டை இணைத்தால், தவறான ஒரு ‘அப்ரூவ்’ போதும், மோசடிக்காரர்கள் அதைத் துடைத்துவிடுவார்கள்.

2. வாலட்டைத் திரும்பப் பெற உதவும் மீட்புச் சொற்கள் அனைத்தையும் நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், போன் வேறு கைக்குப் போனால் பணமும் போகும். யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். நேர்மையான நிறுவனம் கேட்காது.

3. சோதனை டோக்கனுக்குக் காசு கொடுக்காதீர்கள். அது இலவசம், சந்தை மதிப்பும் கிடையாது. பாலிகான் என்ற பிளாக்செயினின் சோதனை வலைக்கு நம் ஊர்ப் பெயரையே, ‘மும்பை’ என்று வைத்திருந்தார்கள். 2024 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது ‘அமோய்’. இன்னும் ‘மும்பை’யில் இணையச் சொன்னால், விவரம் பழையது அல்லது ஆள் சரியில்லை. இரண்டில் எதுவானாலும் விலகுங்கள்.

4. நிதி கொடுப்பதானால், திரும்பி வராவிட்டாலும் தாங்கும் தொகை மட்டும். கேம் வெளிவரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

5. சோதனை டோக்கன் அல்லாத, மதிப்புள்ள டோக்கனை விற்றால் தேதி, தொகை குறித்து வையுங்கள். லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு.

பணம் பறிபோனால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.